ஃபார்மட் செய்ய விடாதவன்

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கெடுதல் செய்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். நல்லவரை என்ன செய்வது? 'அவர்' என்று எழுதுவதுகூட என் மனைவி இதைப் படிப்பாள் என்பதற்காகத்தான். மனசுக்குள் அவன்தான்.

என் மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அவர் கம்ப்யூட்டர் வாத்தியார். செங்கல்பட்டுக்காரர். எங்கள் வீடு புதுப்பட்டினத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வந்து இறங்குவார். தலைமுடி கலையாது. கடற்கரை ஊரில் தலை கலையாமல் ஒருத்தன் இருக்கிறான் என்றால் அவனை எப்படி நம்புவது?

என் மனைவி எனக்கு அத்தை மகள். அவள் பிறந்தபோதே எனக்கு என்று பேசி வைத்தது. பேசி வைத்தவர்கள், அவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிப்பாள் என்று நினைக்கவில்லை. நான் பத்தாவதோடு நின்று கடைக்குப் போய்விடுவேன் என்றும் நினைக்கவில்லை. வலை, கயிறு, மிதவை, படகுக்கு அடிக்கும் பெயின்ட் விற்கிற கடை. அவள் படித்து முடித்தபோது மாமனே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஊரில் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் சொல்லவில்லை. அதற்காக நான் நிம்மதியாக இருந்தேன் என்று அர்த்தமில்லை. என்னைவிட நன்றாகப் படித்தவன் எவன் அவளிடம் பேசினாலும் எனக்கு வயிறு எரியும்.

கம்ப்யூட்டர் வந்தது இரண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து. அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குடியிருந்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. வாங்கும்போதே அது பழசு. மானிட்டர் அரிசி மூட்டை மாதிரி கனம். ஆன் செய்தால் படகு இன்ஜின் குளிரில் இருமுவதுபோல இருமிவிட்டுத்தான் எழுந்திருக்கும். மனைவி பன்னிரண்டாம் வகுப்புக்கு, தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கு, இயற்பியல் கைடு ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். கடைகளில் கிடைத்த கைடெல்லாம் புத்தகத்தையே திருப்பி எழுதியவை என்று அவளுக்குக் கோபம். கல்யாணத்துக்கு முன்பே செங்கல்பட்டில் தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். பலகையைப் பார்க்காமலே அடிப்பாள். ஸ்கூல் விட்டு வந்து, சோறாக்கி, அப்புறம் உட்கார்ந்து அடிப்பாள். இரண்டு வருஷம் அப்படி அடித்தாள்.

அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து வருவதற்கு ஃபான்ட் போட்டுக் கொடுத்தது அந்த வாத்தியார்தான். அங்கேதான் ஆரம்பம். அதற்கப்புறம் மவுஸ் நகரவில்லை என்றால் அவர், பிரின்டர் பேப்பரைத் தின்றால் அவர், ஒன்றுமே ஆகவில்லை என்றாலும் "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம்" என்று அவர்.

என்னை எரித்தது அவர் வருவது அல்ல. அவரிடம் இவள் பேசுகிற பேச்சு. என்னிடம், "யோவ் மாமா, அந்தாண்ட தள்ளி ஒக்காரு, காத்து வரல" என்பாள். அவரிடம், "சார், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் சார், பட் அந்த மெசேஜ் திரும்ப வருது" என்பாள். எங்கிருந்து வந்தது அந்த 'பட்'? வீட்டில் எனக்குக் கிடைக்காத ஒரு 'பட்' அவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? இரண்டு பேரும் திரையைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எதற்கு என்று தெரியாமல். அதைவிடக் கேவலம் உலகத்தில் இல்லை.

"அண்ணே, உங்க வூட்டு வஞ்சிரம் டேஸ்ட் எங்கியும் வராதுண்ணே," என்பார் சாப்பிடும்போது.

"எங்கூட்டு பொட்டி மாதிரி கூட எங்கியும் ரிப்பேர் ஆவாது போல கீது சார். வாரா வாரம் வந்துகினு கீறீங்களே," என்றேன் ஒருநாள்.

அவர் சிரித்தார். அவள் என்னை முறைத்தாள். அவர் போன பிறகு, "ஒதவி செய்றவங்கள இப்டியா பேசுவ? நீயே ரிப்பேர் பண்ணேன் பாப்போம்," என்றாள்.

அந்த வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

ஐப்பசியில் காற்றும் மழையுமாக இருந்தபோது அது நடந்தது. செங்கல்பட்டில் ஒரு பதிப்பகத்தார் அவளுடைய கைடை அச்சுப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் புத்தகம் கடைக்கு வர வேண்டும், அதனால் மாதம் முடிவதற்குள் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறொரு ஆசிரியர் எழுதியது தயாராக இருக்கிறது, அதைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார். இவள் கடைசிப் பாடத்தை முடித்து சேவ் கொடுத்தாள். கொடுத்த அதே நேரம் கரன்ட் போனது.

கரன்ட் வந்து பெட்டியைப் போட்டால், அது எழுந்திருக்கவே இல்லை. பீப், பீப் என்று கத்தியது. வெளியே அலை கத்துகிறது, உள்ளே இது கத்துகிறது. அணைத்து அணைத்துப் போட்டதில் ஒரு தடவை எழுந்தது. ஃபைலைத் திறந்தாள். இங்கிலீஷில் ஒரு சின்ன கட்டம் வந்து நின்றது. மறுபடி பெட்டி செத்துவிட்டது.

"இன்னாமே எழுதிருக்குது அதுல?" என்றேன்.

"ஃபைலு கெட்டுப் போச்சாம். தொறக்க முடியாதாம்."

"மீனா இன்னா கெட்டுப் போறதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கைடைத் தனியாக எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பி இருக்கிறதே என்று தேடி எடுத்தோம். அதன் வாயில் இருக்கும் தகரம் துருப்பிடித்துப் போயிருந்தது. தள்ளினால் பொடியாக உதிர்ந்தது. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காது. ஃப்ளாப்பி எங்கே தாங்கும்? அதை டிரைவில் போட்டால் டிரைவும் போய்விடும் என்று பயந்து போடவில்லை.

"சாருக்கு ஃபோன் போடு மாமா," என்றாள்.

போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன். அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருத்தணிப் பக்கம் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார். "மேடத்த எதையும் தொட வேணான்னு சொல்லுங்கண்ணே," என்றார்.

மேடத்தைத்தானே தொட வேண்டாம் என்றார்? என்னைச் சொல்லவில்லையே. அவர் வருவதற்குள் இதை நான் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். புத்தகத்துக்காக இல்லை. அவர் வந்து பைக்கை நிறுத்தும்போது, 'பொட்டி நல்லாத்தான் கீது, ஒக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்க' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக.

மறுநாள் மத்தியானம், மனைவி ஸ்கூலுக்குப் போன பிறகு, கடையைச் சாத்திவிட்டு வந்து பெட்டியைக் கழற்றினேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் வெளிப்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே பார்த்தால் பல்லி முட்டை ஓடு, பஞ்சு மாதிரி தூசி, ஸ்குரூ எல்லாம் பச்சைப் பூசணம். படகில் வைக்கிற ஒயர்லெஸ் செட்டும் இப்படித்தான் ஆகும். உப்புக் காற்று ஏறி, சேர வேண்டிய இடம் சேராது. அதற்குச் செய்கிறதையே இதற்கும் செய்தேன். பிடுங்க வந்ததையெல்லாம் பிடுங்கினேன், தங்க நிறத்தில் பல் மாதிரி இருந்த இடங்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், திரும்பச் செருகினேன். எதை எங்கிருந்து பிடுங்கினேன் என்பது மறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகத்தான் செய்தேன். ஒயரின் சொருகி ஒன்று இரண்டு பக்கமும் நுழைவதுபோல் இருந்தது. சாமியைக் கும்பிட்டு ஒரு பக்கமாகச் சொருகினேன்.

பீப் சத்தம் இல்லை. எழுந்துவிட்டது.

எழுந்ததும் திரை நீலமாகி அதுவாகவே எதையோ சோதிக்க ஆரம்பித்தது. மஞ்சள் பட்டை ஒன்று மெதுவாக நீண்டது. பாதியில் நின்று என்னைக் கேள்வி கேட்டது. நீளமான இங்கிலீஷ். அதில் எனக்குத் தெரிந்த இரண்டே வார்த்தைகள் சேவ், டெலீட். கடையில் முழம் நீளக் கயிற்றுத் துண்டைக்கூட எறியாதவன் நான். சேவ் என்பதை அமுக்கினேன். மறுபடி கேட்டது. மறுபடி சேவ். அது கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மனைவி வந்ததும் காட்டினேன். முகம் மலர்ந்தது. ஃபைலைத் திறந்தாள். அதே சின்ன கட்டம். கெட்டுப் போச்சு, திறக்க முடியாது.

"எழுப்பிட்டேன் இல்ல?" என்றேன்.

"எழுப்பினது சரி மாமா. நெனவு இல்லியே இதுக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நான் நினைத்த வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. பெட்டி எழுந்ததைப் பார்த்து, "யாரு தொறந்தது?" என்றார். நான் என்றேன். "பரவால்லியே அண்ணே," என்றார். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டதற்குத் திட்டியிருந்தாலே தேவலை. பிள்ளைக்குத் தட்டிக்கொடுக்கிற குரல்.

காலையில் பாதி நேரம் அவர் முயன்றார். ஃபைலை வேறு இடத்துக்கு நகல் எடுத்துத் திறந்து பார்த்தார். பெயரை மாற்றித் திறந்து பார்த்தார். அவர் கொண்டுவந்த சிடியிலிருந்து ஏதோ போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் என் மனைவி, "ஆங் சார், ஆங் சார்" என்று பக்கத்தில் நின்றாள். நான் சேவ் கொடுத்ததால் உண்டான துண்டு ஃபைல்கள் ஒரு வரிசையாக இருந்ததைப் பார்த்து, அதில் ஒன்றை நோட்பேடில் திறந்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. நடுவில் இங்கிலீஷ் எழுத்துகள், ஆனால் ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. அரைப்புள்ளியும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து, யாரோ விசைப்பலகை மேல் அரிசி கொட்டியதுபோல் இருந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "சாரி மேடம். டேட்டா எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு. இனிமே இத வெச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட் டிஸ்க்க ஃபார்மட் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன். பெட்டியாவது உருப்படியா இருக்கும்."

"ஃபார்மட்னா?" என்றேன்.

"எல்லாத்தயும் கழுவி விட்டுட்டு புதுசா ஆரம்பிக்கறதுண்ணே."

என் மனைவியைப் பார்த்தேன். இரண்டு வருஷ உழைப்பு. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்க சார். நீங்க சொன்னா சரி," என்றாள்.

நீங்கள் சொன்னால் சரி. நான் ஒரு குழம்புக்கு உப்பு அதிகம் என்று சொன்னால் அரை மணி நேரம் வாதாடுகிறவள். இந்த ஆள் வந்து உன் இரண்டு வருஷத்தைக் கழுவி ஊற்றப்போகிறேன் என்கிறான், சரி என்கிறாள். எழுந்து போய் ஸ்விட்சுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"கை வைக்காத சார்," என்றேன்.

"அண்ணே?"

"என் பொட்டி. என் டப்புல வாங்கினது. நீ கழுவத் தேவல. எந்திரி."

"மாமா!" என்றாள் அவள். "இன்னா பேசிகினு கீற நீ? படிச்சவங்க சொன்னா கேக்க மாட்ட?"

"மாட்டேன். இவுரு சொன்னா நீ கெணத்துல வுழுவ. நான் வுழுவ மாட்டேன்."

"பேஜார் பண்ணாத. உனக்கு இதப் பத்தி இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. இவுரு கழுவக் கூடாது. அவ்ளோதான்."

எனக்கு வேறு காரணமே கிடையாது. அந்தக் குப்பைக்குள் ஏதோ இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன் என்று கதை விட மாட்டேன். அந்த ஆள் சொன்னது நடக்கக் கூடாது. என் வீட்டில், என் கண் முன்னால், அவர் வாய்ச் சொல் சட்டமாகக் கூடாது. பொறாமைதான். சுத்தமான பொறாமை.

அவர் முகம் செத்துப்போய், "நான் வெளிய நிக்கிறேன் மேடம்," என்று வாசலுக்குப் போனார். அவள் அவர் விட்டுப்போன நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நகரவில்லை. ஸ்விட்சுக்குக் காவல் நின்றேன்.

கோபத்தில் அவளுக்கு விரல் சும்மா இருக்காது, எதையாவது தட்டும். திரையில் எதிரே தெரிந்த எழுத்தை விசைப்பலகையில் தேடித் தேடித் தட்ட ஆரம்பித்தாள். எம். கே. அரைப்புள்ளி. மறுபடி கே. பெரிய பி. எல்.

விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தட்டினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு.

"மாமா," என்றாள். குரல் மாறியிருந்தது. "எம் வர எடத்துல நான் அ அடிப்பேன். கே-ன்னா ம. அரைப்புள்ளின்னா மேல வெக்கிற புள்ளி. அ, ம், மீ... அம்மீட்டர். இது அம்மீட்டர் மாமா. மின்னோட்டவியல் பாடம். என் எழுத்து இது."

எனக்குப் புரியவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போனாள். கண்ணால் பார்த்தால் இங்கிலீஷ் குப்பை. விரலை வைத்தால் தமிழ். அவளுக்கு அது கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. குருடர்கள் தடவிப் படிப்பதுபோல் அந்த வரி முழுதையும் எனக்குப் படித்துக் காட்டினாள். 'மின்சுற்றில் அம்மீட்டர் தொடரிணைப்பில் இணைக்கப்படுகிறது.' அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வரியை நான் மறக்க மாட்டேன்.

"சார்!" என்று கத்தினாள். எழுந்து வாசலுக்கே ஓடினாள். எனக்கு முன்னால் அவரிடம்தான் ஓடினாள் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், எனக்குத்தான் முதலில் சொன்னாள். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, ஃபான்ட்டு! நோட்பேடுல ஃபான்ட் மாத்தலியே மேடம்," என்றார். மெனுவுக்குள் எங்கோ போய் அந்தத் தமிழ் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தார். ஒரு சொடுக்கு. திரை முழுக்கத் தமிழாகிவிட்டது. அந்த ஃபான்ட்டைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் அதில் ஒரு வரித் தமிழ் அவர் அடித்ததில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் பாடமே இங்கிலீஷ்தான். பெட்டிக்குள் தமிழ் எந்த உருவத்தில் படுத்திருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. இதை எழுதும்போது கை இனிக்கிறது.

ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். கிடைத்தது எல்லாம் துண்டு துண்டு. ஒளியியல் நடுவில் அணு இயற்பியல், அதன் வாலில் காந்தவியல். எது எதற்குப் பின்னால் என்று பிரித்து, குப்பையை நீக்கி, கணக்குகளையும் படங்களையும் திரும்பப் போட வேண்டும். மாதம் முடியப்போகிறது. அவள் ஒருத்தியால் ஆகாது. என்ன ஆனது? அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தவர், ஸ்கூல் விட்டதும் தினமும் வந்தார். நான் ஃபார்மட் செய்ய விட்டிருந்தால் அன்றோடு அவர் வேலை முடிந்திருக்கும். என் பொறாமை போய் அவரைக் கூட்டிவந்து என் வீட்டு நடுவில் உட்கார வைத்தது. நானே டீ போட்டேன். சர்க்கரை கம்மியாகப் போட்டேன்.

அவர் என்னிடம் கோபிக்கவும் இல்லை. "அண்ணாத்த அன்னிக்கு குறுக்க நிக்கலன்னா நான் எல்லாத்தயும் அழிச்சிருப்பேன் மேடம்," என்று அவரே ஒருநாள் சொன்னார். பெரிய மனசு. இருக்கட்டும். பெரிய மனசுக்காரர்களை எனக்கு இன்னும் பிடிக்காது.

சொன்ன மாதத்துக்குள்ளேயே முடிந்தது. சில பக்கங்கள் கிடைக்கவே இல்லை, அவள் மறுபடி எழுதினாள். அப்படிக் காணாமல் போனதில் நன்றியுரையும் ஒன்று. பதிப்பகத்துக்குப் போகிற அன்று காலையில் அதை அடிக்க உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்னால் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். முதலில் தலைமையாசிரியர். அடுத்து அவர். கணினி ஆசிரியர், பட்டங்கள், அவருடைய இடைவிடாத உதவி, பொறுமை, ஊக்கம், அப்படியே ஓடியது. கடைசியில் என் கணவருக்கு நன்றி என்று அடித்தாள். அவ்வளவுதான்.

"நான் இன்னா செஞ்சேன்னு போடல?" என்றேன்.

"இன்னான்னு போடறது மாமா? பொறாமைல ஸ்விட்ச்சாண்ட நின்னாருன்னு போடட்டுமா?"

"போடு."

திரும்பி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள், மேசையைத் தட்டித் தட்டி. நானும் சிரித்தேன். இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்து சிரித்தேன். திரும்பவும் விசைப்பலகையில் கை வைத்து என் வரியை மாற்றினாள். 'இந்நூல் அழியாமல் காத்த என் கணவருக்கு நன்றி.'

"போதுமா?" என்றாள்.

அந்த ஆளுக்குப் போட்டதில் பாதிகூட இல்லை. போதாது என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்று அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பெட்டியை அணைத்துவிட்டாள். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். போதாது.